குறுங்காணொளி வழியே ஆங்கிலம்: நிலையறிந்து கற்கும் முறை

கிராம மக்களின் அன்றாட வாழ்வில் ஆங்கிலத்தின் தேவை முன்னைவிட மிகுந்திருக்கிறது என்பதை யாவரும் அறிவர். மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை அட்டை, புதிதாக வந்திறங்கும் பம்புசெட்டுடன் கிடைக்கும் விளக்கத்தாள், வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் செய்தி ஆகியவற்றில் ஆங்கிலம் தனித்தோ கலந்தோ காணப்படுகிறது. தொழிற்பயிற்சி பெற்ற கிராமத்து வாலிபர் நகரத்தில் நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறார். கைத்தொழிலில் யாருக்கும் குறைந்தவரல்லர் எனினும், தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தொடர்ந்து கூற இயலாமல் தயங்குகிறார். அத்தயக்கத்தின் விலை சில வேளைகளில் ஒரு வேலையாகவே இருந்துவிடுகிறது.

இக்குறையை நீக்கக் கைப்பேசி பெருந்துணையாக வந்திருக்கிறது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் ஓடும் ஆங்கிலப் பாடக் காணொளிகள் கணக்கின்றிக் கிடைக்கின்றன. அவற்றுட் பல இலவசமானவை. ஆயினும் மாதக்கணக்காக அவற்றைப் பார்த்தும் ஒரு வாக்கியமேனும் அச்சமின்றிப் பேச வராதவர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களுடைய அறிவிலோ முயற்சியிலோ குறையில்லை. ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அறியாமல், இன்று முதற்படியிலும் நாளை பத்தாம் படியிலும் கால் வைப்பதே காரணம். நிலையறிந்து காணொளியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, அதனைக் கொண்டு பயில்வது எவ்வாறு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடி முயற்சிகள்

தொலைவிலிருப்போர்க்கு ஒலியாலும் படத்தாலும் மொழி கற்பிக்கும் முயற்சி புதியதன்று. பி.பி.சி. நிறுவனம் 1943-ஆம் ஆண்டிலேயே வானொலி வழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா நிலையம் 1959-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்னும் நிகழ்ச்சியை ஆரம்பித்தது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்களையும் குறுகிய வாக்கியங்களையும் கொண்டு, இயல்பான பேச்சினும் மெதுவாக உலகச் செய்திகளை அது வழங்கிற்று. கேட்போரின் நிலைக்கு ஏற்பப் பேசுபவர் இறங்கி வரவேண்டும் என்ற உண்மையை அந்நிகழ்ச்சி நிலைநாட்டியது.

நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களில் மக்கள் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடி அமர்ந்து கல்வி, விவசாயம், சுகாதாரம் பற்றிய நிகழ்ச்சிகளைக் கண்டனர். அண்டை நாடாகிய வங்காள தேசத்தில் 2009-இல் ‘பி.பி.சி. ஜனாலா’ என்னும் திட்டத்தின் கீழ் மூன்று நிமிட ஆங்கிலப் பாடங்களைச் சாதாரணக் கைப்பேசியிலேயே கேட்கும் வசதி செய்யப்பட்டது. நம் மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டு கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது.

வானொலிக் காலத்தில் நிலையத்தார் குறித்த நேரத்தில்தான் பாடம் வரும், தவறவிட்டால் தவறியதுதான். இன்றைய காணொளியைக் கற்பவர் விரும்பியபோது நிறுத்தலாம், பின்னுக்கு இழுக்கலாம், நூறு முறை கேட்கலாம். இதுவே காணொளியின் தலைசிறந்த பயன். ஆனால் நம்மவர் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதனையே. ஒன்றை ஒருமுறை பார்த்து, அடுத்ததற்குத் தாவிவிடுகின்றனர்.

குறுகிய பாடத்தின் சிறப்பு

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் என்பார் மறதியைப் பற்றித் தம்மையே சோதித்து ஆராய்ந்து 1885-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். கற்றவற்றுட் பெரும்பகுதி முதல் நாளிலேயே விரைவாக மறந்துபோகும் என்பதும், இடைவெளி விட்டு மீண்டும் பயின்றால் அது நெஞ்சில் தங்கும் என்பதும் அவர் கண்ட முடிவுகள். ஒரு மணி நேரப் பாடத்தை ஐந்து முறை மீண்டும் பார்க்க உழவருக்கோ, கூலி வேலை செய்வோருக்கோ, வீட்டு வேலையில் ஈடுபட்ட மாதருக்கோ நேரம் ஏது? மூன்று நிமிடப் பாடத்தை ஐந்து முறை பார்க்கக் கால் மணி போதும். குறுங்காணொளியின் சிறப்பு, அது மீண்டும் மீண்டும் பயில இடந்தருவதில்தான் இருக்கிறது. ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கினால் அச்சிறப்பு வீணாகும்.

தம் நிலையை அறிதல்

ஐரோப்பிய மன்றம் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது அளவுகோல், மொழித் திறனை ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. ஏ1, ஏ2 என்பவை தொடக்க நிலைகள். பி1, பி2 என்பவை இடைநிலைகள். சி1, சி2 என்பவை மேல்நிலைகள். நல்ல காணொளிப் பாடங்களின் தலைப்பில் இக்குறியீடுகளுள் ஒன்று காணப்படும்.

இவற்றைக் கிராம வாழ்க்கைக்கு ஏற்பப் பின்வருமாறு புரிந்துகொள்ளலாம். தம் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றைச் சிறு வாக்கியங்களில் சொல்ல இயன்றவர் ஏ1 நிலையினர். கடையிலும் பேருந்திலும் விலை, நேரம், வழி ஆகியவற்றை விசாரித்து விடை பெறக்கூடியவர் ஏ2 நிலையினர். தம் நிலத்தில் என்ன பயிரிட்டார், ஏன் நஷ்டம் வந்தது என்பதைத் தொடர்ச்சியாக விவரிக்க வல்லவர் பி1 நிலையினர். அதிகாரியிடமோ, வேலை கொடுப்பவரிடமோ காரண காரியங்களோடு உரையாடக் கூடியவர் பி2 நிலையினர். சொற்பொழிவையும் சட்ட நுணுக்கம் வாய்ந்த கட்டுரையையும் தடையின்றி உணர்ந்து, தாமும் அவ்வாறே எழுதவும் பேசவும் வல்லவர் மேல்நிலையினர்.

தம் நிலையைத் துணிவதற்கு எளிய சோதனையொன்று உண்டு. காணொளியில் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் கேட்க வேண்டும். பொருள் விளங்காத ஒவ்வொரு சொல்லுக்கும் தாளில் ஒரு கோடு இடவேண்டும். மெதுவாக நடத்தும் பாடத்தில் நிமிடத்திற்குச் சுமார் 100 சொற்கள் வரும் எனக் கொள்ளலாம். கோடுகள் ஐந்துக்கு மேற்படாவிட்டால் அப்பாடம் உமக்கு ஏற்றது. ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்டால், நிறுத்தி நிறுத்திப் பயிலலாம். பத்தைத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்குவதே அறிவுடைமை.

இதன் காரணம் கணக்கிலேயே விளங்கும். மூன்று நிமிடப் பாடத்தில் 300 சொற்கள் வருவதாகக் கொள்வோம். நூற்றுக்கு ஐந்து தெரியாவிட்டால், தெரியாதவை 15. அவற்றின் பொருளைச் சூழ்ந்துள்ள சொற்களே உணர்த்திவிடும். நூற்றுக்கு இருபது தெரியாவிட்டாலோ, தெரியாதவை 60 ஆகிவிடும். அவ்வளவு இடைவெளிகளுக்கு நடுவே பொருளை ஊகிக்க எவராலும் இயலாது. கற்பவர், “எனக்கு ஆங்கிலம் வராது” என்று மனம் தளர்ந்து கைவிட்டுவிடுவார். குற்றம் அவருடையதன்று, பாடம் அவர் நிலைக்குப் பொருந்தவில்லை.

எந்நிலைக்கு எத்தகைய காணொளி?

முதல் நிலையினர் தமிழில் விளக்கம் தரும் காணொளிகளைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஒரு பாடத்தில் ஒரே வாக்கிய அமைப்பு இருத்தல் வேண்டும். சொல்லும் பொருளும் படத்தில் ஒருங்கே தோன்றுதல் வேண்டும்.

ஏ2 நிலையினர்க்கு வங்கி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களில் நிகழும் சிறு உரையாடல்கள் ஏற்றவை. இந்நிலையில் தமிழ் வரிகளை நீக்கி, ஆங்கில வரிகளைத் திரையின் கீழ் வைத்துக்கொள்வது நலம். தமிழ் வரி இருந்தால் கண் அதனையே நாடும், காது உறங்கிவிடும். ஆங்கில வரியோ ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் காட்டும்.

பி1 நிலையினர் தமக்கு நன்கு தெரிந்த தொழிலைப் பற்றிய ஆங்கிலக் காணொளிகளைப் பார்க்கலாம். ஒட்டுக் கட்டுதல், மின்மோட்டார் பழுதுபார்த்தல், தையல், கால்நடை வளர்ப்பு ஆகியவை உதாரணங்கள். தொழில் அறிவு மொழியறிவுக்குத் துணைநிற்கும். கையில் பிடித்த கருவியைக் கண்டவுடன் அதன் பெயர் எதுவென ஊகிப்பது எளிது.

பி2 நிலையினர் இயல்பான வேகத்தில் நடைபெறும் பேட்டிகளையும் நேர்முகத் தேர்வு மாதிரிகளையும் முதலில் வரிகள் இன்றிக் கேட்டு, பின்னர் வரிகளோடு சரிபார்க்க வேண்டும். மேல்நிலையினர்க்குப் பாடக் காணொளி தேவையில்லை. சொற்பொழிவுகளும் விவாதங்களுமே அவர்களுக்குப் பாடம்.

சொற்களை எண்ணி எவரும் மலைக்க வேண்டுவதில்லை. வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் 1953-இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுச் சொற்பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கில நூலொன்றில் வரும் சொற்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது, இத்தகைய 2,000 சொற்களுள் அடங்கிவிடும். நாளொன்றுக்கு ஐந்து சொல் நிலையாகக் கற்றால் 400 நாளில் 2,000 சொற்கள் வசமாகும்.

தமிழர் நாவும் ஆங்கில ஒலியும்

தமிழ் பேசுவோர்க்கு ஆங்கிலத்தில் எளிதானவையும் உண்டு, இடறுபவையும் உண்டு. நமக்குக் குறில், நெடில் வேறுபாடு இயற்கையாகவே கைவந்தது. ஆகவே கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’ என்பதையும், செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்பதையும் நாம் எளிதில் பிரித்தறிகிறோம். வேறு பல நாட்டினர் இவ்விடத்தில் தடுமாறுவர்.

இடறும் இடங்களுள் முதலாவது வல்லெழுத்து. பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், பொருள்களைக் கட்டி வைத்தலைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேக்’ என்றே வரும். ஆங்கிலத்திலோ அவை வெவ்வேறு ஒலியுடையன. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரம் வன்மையாகவும், மகர ஒற்றை அடுத்த பகரம் மென்மையாகவும் ஒலிப்பதைக் காணலாம். கழுத்தில் விரலை வைத்தால் இரண்டாவதில் அதிர்வு தெரியும். அவ்வதிரும் பகரமே பையைக் குறிக்கும் சொல்லின் முதலில் வருவது. ஒலி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனைச் சொல்லின் முதலில் வைக்கும் பழக்கமே தேவை.

இரண்டாவது, ‘ஃபேன்’ என்பதன் முதல் ஒலி. இரண்டு உதடுகளும் ஒட்டினால் அது ‘பேன்’ ஆகி, மின்விசிறிக்குப் பதிலாக வறுக்கும் சட்டியைக் குறித்துவிடும். மேற்பல் கீழுதட்டை மெல்லத் தொட, காற்று வெளிவர வேண்டும். பேசுபவரின் வாயை அருகிலிருந்து காட்டும் காணொளி இதற்குப் பெரிதும் உதவும். நூலாலும் வானொலியாலும் செய்ய இயலாத உதவி இது.

மூன்றாவது, சொல்லின் ஈற்றில் உகரம் சேர்ப்பதும் முதலில் இகரம் சேர்ப்பதும் ஆகும். ‘பஸ்’ என்பது ‘பஸ்ஸு’ ஆகிறது. ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆகிறது. இவை தமிழ் ஒலியியல்புக்கு ஏற்ப எழுந்தவை. ஆதலின் வெட்கப்பட வேண்டுவதில்லை. கேட்டுத் திருத்திக்கொண்டால் போதும்.

நான்காவது, வாக்கிய அமைப்பு. “நான் சந்தைக்குப் போகிறேன்” என்பதில் வினை ஈற்றில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘நான், போகிறேன், சந்தைக்கு’ என்னும் முறை அமையும். “அவர் வருகிறாரா?” என்று நாம் ஈற்றில் ஆகாரம் சேர்த்து வினவுவோம். ஆங்கிலத்தில் “ஹீ இஸ் கமிங்” என்பதன் இரண்டாம் சொல் முன்னே வந்து “இஸ் ஹீ கமிங்?” என்றாகும். இவ்வேறுபாட்டை விதியாக மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், முழு வாக்கியமாக வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுவதே விரைவில் பயன் தரும்.

நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சி

நாளொன்றுக்கு அரை மணி ஒதுக்கினால் போதும். மூன்று நிமிடக் காணொளி ஒன்றைக் கொண்டு பின்வரும் வரிசையில் பயில்க.

1. முதன்முறை எதையும் எழுதாமல் முழுவதும் பார்த்து, நிகழ்ச்சி என்னவென்று மட்டும் அறிக.

2. இரண்டாம் முறை ஆங்கில வரிகளோடு பார்க்க. தெரியாத சொல் வருமிடத்தில் நிறுத்தி, ஐந்து சொற்களை மட்டும் வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதுக.

3. மூன்றாம் முறை ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு உரக்கச் சொல்லுக.

4. நான்காம் முறை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேட்க.

5. ஐந்தாம் முறை காணொளியின்றி, அதே செய்தியைத் தம் ஊர், தம் வேலை ஆகியவற்றிற்கு மாற்றிச் சொல்லுக.

அக்காணொளியையே மறுநாளும், நான்காம் நாளும், பத்தாம் நாளும் ஒருமுறை பார்த்து நினைவைப் புதுப்பிக்க வேண்டும். வாரத்திற்கு ஐந்து புதிய காணொளிகள் போதும். ஆறாம் நாளைத் திரும்பப் பயில்வதற்கும் ஏழாம் நாளை ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதிரிப் பாடம்

வங்கியில் கணக்குத் தொடங்குவது பற்றிய ஏ2 நிலைக் காணொளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் முதன்மையான வாக்கியம், “ஐ வுட் லைக் டு ஓப்பன் அன் அக்கவுண்ட்” என்பது. இதன் முற்பகுதியை மாற்றாமல் பிற்பகுதியை மட்டும் மாற்றுக. “ஐ வுட் லைக் டு டெபாசிட் திஸ் மணி” என்றால் பணம் செலுத்தலாம். “ஐ வுட் லைக் டு அப்ளை ஃபார் எ லோன்” என்றால் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அலுவலர், “ஹேவ் யூ ப்ராட் யுவர் ஆதார் கார்ட்?” என்று வினவுவார். “எஸ், ஐ ஹேவ்” என்று விடை கூறலாம். ஒரே அமைப்பைக் கொண்டு பத்துத் தேவைகளைச் சொல்ல முடிகிறது என்பதை இதனால் அறியலாம்.

இவ்வாறு வாக்கிய அமைப்பை அடிப்படையாகக் கொண்டு கற்பிக்கும் முறை நம் மாநிலத்திற்குப் பழக்கமானதே. 1950-களின் இறுதியில், அன்றைய சென்னை மாநிலத்தில் சுமார் 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இம்முறையில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சியளிக்கும் இயக்கம் தொடங்கப்பெற்றது. பயிற்சி பெற்றவர்கள் பிறருக்குப் பயிற்சி தர, அவர்கள் மற்றவர்களுக்குத் தர, அது உருண்டு பெருகும் பனிப்பந்து போல வளர வேண்டும் என்பது அதன் திட்டம். கற்ற ஒருவர் நால்வருக்குக் கற்பிக்கும் அவ்வழி இன்றும் கிராமத்துக்கு ஏற்றதே.

கூடிக் கற்றல்

காணொளிக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. அது பேசும், நாம் பேசுவதைக் கேளாது. ஐந்தாண்டு பார்த்தாலும் மறுமொழி சொல்லும் பழக்கத்தை அது தானாகத் தராது. பேச்சு வளர மற்றொரு மனிதரின் செவி வேண்டும். கைப்பேசியிலேயே கணினி நிரலோடு உரையாடும் வசதி வந்துள்ளதெனினும், எதிரே அமர்ந்த மனிதர் முன் வாய் திறக்கும் துணிவு மனிதர்களிடையேதான் பிறக்கும்.

ஆகவே ஊர் நூலகத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்ட இடத்திலோ, பள்ளித் திண்ணையிலோ எட்டுப் பத்துப் பேர் வாரம் மூன்று மாலை கூடுதல் நன்று. மூன்று நிமிடம் காணொளி, இருபது நிமிடம் பேச்சு என வைத்துக்கொள்ளலாம். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் வங்கி அலுவலராகவும் மற்றவர் வாடிக்கையாளராகவும் பேசிப் பின் மாறிக்கொள்க. ஓய்வுபெற்ற ஆசிரியரோ, விடுமுறைக்கு வந்த கல்லூரி மாணவியோ நடத்தலாம். அத்தகையோர் கிடைக்காவிடினும் குழு நின்றுவிட வேண்டுவதில்லை. காணொளியே சரியான வாக்கியத்தை மீண்டும் சொல்லிக்காட்டும்.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே. அதுவும் பகலெல்லாம் வேலைக்குச் செல்பவர் கையில் இருக்கும். வீட்டிலிருக்கும் பெண்ணுக்குக் கற்கும் ஆவல் இருந்தும் கருவி இராது. பத்துப் பேருக்கு ஒரு கைப்பேசி என்னும் ஏற்பாட்டில் அவருக்கும் இடம் கிடைக்கும். ஒருவர் தவறு செய்யும்போது பிறர் நகைக்கலாகாது என்பதைக் குழுவின் முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

“முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்” என்னும் விளம்பரத்தைக் கண்டு பணம் கட்டுவோர் உளர். கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தாரின் மதிப்பீட்டின்படி, தொடக்கத்திலிருந்து ஏ2 நிலையை அடைய 180 முதல் 200 மணி நேரக் கல்வியும், பி1 நிலைக்கு 350 முதல் 400 மணி நேரமும், பி2 நிலைக்கு 500 முதல் 600 மணி நேரமும் தேவைப்படும். நாள்தோறும் அரை மணி பயின்றால் ஆண்டிற்குச் சுமார் 180 மணி ஆகிறது. எனவே ஓராண்டில் ஒரு நிலையைத் திடமாக அடையலாம் என எதிர்பார்ப்பதே நியாயம். பள்ளியில் சில ஆண்டு ஆங்கிலம் படித்தவர்க்கு அக்கல்வி முதலாக நிற்கும். அவர்க்குக் காலம் குறையும்.

ஒழுங்கான வரிசையுள்ள பாடத்தொகுதியைத் தேர்ந்தெடுத்து அதனையே முடிக்கும் வரை பற்றி நிற்க வேண்டும். நிலையும் பாட எண்ணும் குறிக்கப்பட்டிருத்தல், முழு வாக்கியங்களைக் கற்பித்தல், இறுதியில் பயிற்சி தருதல் ஆகியவை நல்ல தொகுதியின் அடையாளங்கள். பி.பி.சி., பிரிட்டிஷ் கவுன்சில் ஆகியோரின் இலவசப் பாடங்கள் நிலைவாரியாக அமைந்தவை. கருவி தானாக எழுதிக்காட்டும் வரிகளில் பிழை நேர்வதுண்டு. ஆசிரியர் எழுதிய வரிகளே நம்பத்தக்கவை. பாடம் முடிந்தவுடன் அடுத்தடுத்துத் தாமே ஓடிவரும் வேடிக்கைக் காட்சிகள் அரை மணியை விழுங்கிவிடும். ஆதலின் தானே தொடரும் வசதியை நிறுத்திவிடுவது நலம்.

ஆங்கிலம் கற்பதால் தமிழுக்குக் குறைவு நேராது. தன் கருத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்லப் பழகியவருக்கே பிறமொழியிலும் தெளிவு கிட்டும். குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்திற்கும் எதிரே நல்ல தமிழில் பொருள் எழுதும் வழக்கத்தை மேற்கொண்டால் இருமொழியும் ஒருங்கே வளரும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். விலையின்றிக் கிடைக்கும் பாடங்கள் கையருகே இருக்கின்றன. வேண்டுவன ஒரு குறிப்பேடு, நாளுக்கு அரை மணி, கூடப் பேச ஒரு துணை ஆகிய மூன்றே. இளைஞர் மன்றத்தாரும் மகளிர் குழுவினரும் நூலகப் பொறுப்பாளர்களும் தத்தம் ஊரில் இத்தகைய சிறு குழுவொன்றை அமைத்து, முதற் கூட்டத்திலேயே உறுப்பினர் ஒவ்வொருவரின் நிலையையும் ஒரு நிமிடச் சோதனையால் அறிந்து, அதற்கேற்ற மூன்று நிமிடப் பாடத்தோடு தொடங்குவார்களாக.